நங்கூரப் பாரைத் தேடிக் கடலில் ஓட்டிய உழவு

கைப்பேசியின் திரை மாற்றப் போன இடத்தில்தான் இந்தப் பயணம் தொடங்கியது. புரட்டாசிக் கடைசி, ஒரு வியாழக்கிழமை மதியம். கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையில் இருக்கும் நாசர் கடைக்குப் போயிருந்தேன். கோவில்பட்டிக்குக் கடல் கிடையாது. ஆனாலும் நாசரின் மேசையில் எப்போதும் உப்புப் பூத்த டேப்லெட் இரண்டு மூன்று கிடக்கும். வேம்பார், வைப்பாறு பக்கத்து வள்ளக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பவை. பெரிய கடைகளில் புதிதாக வாங்கச் சொல்வார்கள். நாசர் இருப்பதைச் சரிசெய்து, கடல் வரைபடமும் ஏற்றித் தருவார். அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரிசல் ஊருக்கு மீனவர்கள் வருவதற்கு அதுதான் காரணம்.

அன்று வந்தவர்கள் இருவர். வேம்பாரில் சொந்தமாக ஃபைபர் வள்ளம் வைத்திருக்கும் சேவியர், ஐம்பது வயதிருக்கும். கூட அவர் மனைவியின் தம்பி ரீகன். ரீகன் வந்த வேகத்தில் பத்து அங்குல டேப்லெட் ஒன்றை மேசையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்காக எழுதுவது.

“பாய், எங்க பாயிண்டை எல்லாம் எவனுக்கு வித்தீங்க?”

“என்ன ரீகன் இப்படிப் பேசுதீங்க?”

“வேற எப்படிப் பேச? மூணு வாரமாப் போறோம். பாருன்னு சொல்லுத இடத்துல தூண்டிலை எறக்கினா வெறும் சேறு. நல்ல நம்பரை வேற எவனுக்கோ கொடுத்துட்டு, எங்களுக்குச் சேத்தைக் கொடுத்திருக்கீங்க.”

வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கடலுக்கடியில் பாறையாகவும் பவளமாகவும் மேடிட்ட இடத்தைப் பார் என்பார்கள். விளமீனும் களவாவும் அங்கேதான் கூடும். எல்லாருக்கும் தெரிந்த பார்கள் உண்டு. ஒரு வள்ளக்காரருக்கு மட்டும் தெரிந்தவையும் உண்டு. அந்த இரண்டாம் வகையை அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். சேவியரிடம் அறுபத்து மூன்று புள்ளிகள் இருந்தன. கையடக்கமான பழைய ஜி.பி.எஸ். கருவி ஒன்றில் பல வருடமாகச் சேர்த்தவை. கருவியின் திரை மங்கத் தொடங்கியதும் டேப்லெட் வாங்கி, புள்ளிகளை அதற்கு மாற்றித் தரச் சொல்லி நாசரிடம் கொடுத்தார். நாசர் ஒவ்வொன்றாகப் படித்துக் கையால் ஏற்றினார். அடுத்த வாரமே பழைய கருவி உயிரை விட்டது. உள்ளே போர்டு முழுக்க உப்பு.

சேவியர் சத்தம் போடவில்லை. “மத்தது போனாலும் போகுது பாய். அந்த நங்கூரப் பார் மட்டுமாவது வேணும். பிள்ளைகளை வச்சுக்கிட்டு நாங்க நிக்கதே அதுலதான்” என்றார். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய நங்கூரம் ஓரிடத்தில் மாட்டி, எடுக்க முடியாமல் கயிற்றை அறுத்துவிட்டு வந்திருக்கிறார். நங்கூரம் போனது, பார் கிடைத்தது. அந்தப் பெயர் அப்படி வந்தது.

நாசர் டேப்லெட்டைத் திறந்தார். “அண்ணே, பழைய மிஷின்ல இருந்த நம்பர் ஏதாவது ஒண்ணு மனப்பாடமா இருக்கா?”

“வீட்டுக்குத் திரும்புத நம்பர் தெரியும். முகத்துவாரம். ஒம்பது பாகை, நாலு புள்ளி மூணு எட்டு.”

நாசர் அதைத் தேடி எடுத்தார். வரைபடத்தில் முகத்துவாரம் கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே, மேட்டில் நின்றது. கரை கண்ணுக்குத் தெரியும்போது யாரும் டேப்லெட்டைப் பார்ப்பதில்லை. அதனால் இதைக் கவனிக்கவும் இல்லை. நாசர் சேவியர் சொன்ன எண்ணையும் திரையில் இருந்த எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். “தப்பு என்னுதுதான் அண்ணே” என்றார்.

தப்பு இதுதான். ஒரு பாகைக்கு அறுபது நிமிடம். நாலரை நிமிடத்தைப் பழைய கருவி 4.50 என்று காட்டும். டேப்லெட்டில் இருந்த அமைப்போ அதையே 4 நிமிடம் 30 விநாடி என்று எதிர்பார்த்தது. நாசர் திரையில் கண்டபடி 4 நிமிடம், 50 விநாடி என்று அடித்துவிட்டார். கடலில் அது அறுநூறு மீட்டர் தள்ளிப்போகும். இப்படி அறுபத்து மூன்றும் ஆளுக்கொரு தூரம் நகர்ந்திருந்தன.

“அப்போ மாத்திப் போட்டாச் சரியாயிரும்லா?” என்றார் சேவியர்.

“பெரும்பாலும் ஆயிரும். ஆனா சிலதுல புள்ளிக்குப் பிறகு எழுபது, எம்பதுன்னு வந்துச்சு. விநாடிக் கட்டம் அம்பத்தொம்பதுக்கு மேல வாங்கல. திரை மங்கலா இருந்துச்சா, நான்தான் தப்பாப் படிக்கேன்னு நெனச்சு…”

“நெனச்சு?”

“அம்பத்தொம்பதுன்னு போட்டுட்டேன்.”

அப்படிப் போட்டவை பதினொன்று. நங்கூரப் பாருக்கு வடக்குத் தெற்குக் கணக்கிலும் 59, கிழக்கு மேற்குக் கணக்கிலும் 59. உண்மையான எண் அறுபதா, எழுபத்திரண்டா, தொண்ணூறா என்று இனிச் சொல்ல யாருமில்லை. பார் இருப்பது, பக்கத்துக்கு எழுநூறு மீட்டர் உள்ள ஒரு சதுரத்துக்குள் எங்கேயோ. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்.

“நல்லாத்தான் கதை சொல்லுதீங்க” என்றார் ரீகன்.

“நானே வாரேன். தேடிக் கொடுக்கேன்” என்றார் நாசர்.

“கடலுக்கா? பஸ்ல போனாலே ஜன்னல் சீட்டு கேக்குத ஆளு நீங்க.”

சேவியர் மட்டும் யோசித்தார். “சனிக்கிழமை போவோம். ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல வள்ளம் எறங்காது.” நானும் வரலாமா என்று கேட்டேன். செய்தியாளனாகக் கரிசல் காட்டில் முப்பது வருடம் அலைந்தவன். அந்தக் கடலில் ஒருநாளும் வள்ளம் ஏறியதில்லை. சேவியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வாங்க அண்ணாச்சி. ஆனா போன்ல அந்த லொக்கேஷனை அணைச்சிட்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து நாசர் கடையைப் பூட்டினார். 3.20-க்கு விளாத்திகுளம் பேருந்து. கட்டணம் 32 ரூபாய். எட்டயபுரம் வழியாக ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நாசர் ஜன்னல் சீட்டில்தான் உட்கார்ந்தார். மடியில் டேப்லெட். இரவெல்லாம் உட்கார்ந்து ஐம்பத்திரண்டு புள்ளிகளைச் சரியாக்கியிருந்தார். திரையில் எங்கள் பேருந்து ஒரு நீலப் பொட்டாக ஊர்ந்தது. கடலுக்கான வரைபடம் என்பதால் நிலம் முழுவதும் ஒரே மஞ்சள். எட்டயபுரம் என்று ஓர் ஊரே அதில் இல்லை.

“பாத்தீங்களா அண்ணாச்சி? கடல்ல குழிக்குக் குழி நம்பர் போட்டிருக்கான். நமக்கு வெறும் மஞ்சள் பெயிண்டு” என்றார். வெளியே அந்த மஞ்சள் கறுப்பாக இருந்தது. முதல் மழைக்காக உழுது காத்திருக்கும் காடுகள். ஒரு டிராக்டர் கரையோரம் திரும்பி, வந்த சாலுக்குப் பக்கத்திலேயே அடுத்த சால் பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. விளாத்திகுளம் நெருங்கும்போது சீமைக்கருவேலக் கரிமூட்டங்களின் புகை பேருந்துக்குள் வந்தது.

விளாத்திகுளத்தில் 5 மணிக்கு வேம்பார் பேருந்து. 22 ரூபாய், ஐம்பது நிமிடம். போகப் போகக் கறுப்பு வெளுத்து மணலாகிறது, பனைகள் கூடுகின்றன. வேம்பாரில் விடுதி வசதியை நம்பிப் போகாதீர்கள். நாங்கள் சேவியர் வீட்டு மாடியில் படுத்தோம். விளமீன் குழம்பு. “இது விலைக்கு வாங்கின மீன்” என்று பரிமாறும்போது சேவியரின் மனைவி சொன்னார். நாசர் இரண்டாவது முறை சோறு வாங்கவில்லை.

காலை 5.35-க்கு வள்ளம் புறப்பட்டது. இருபத்தெட்டு அடி நீளம், நடுவில் டீசல் எஞ்சின். டேப்லெட் ஒரு கண்ணாடி மூடிப் பெட்டிக்குள், எஞ்சின் பேட்டரியிலிருந்து மின்சாரம். நாசர் உயிர்காப்பு உடையைச் சேவியர் வீட்டு வாசலிலேயே மாட்டியிருந்தார். “பாய், கரையிலகூட முங்கிருவீங்களோ?” என்றார் ரீகன்.

தீவுகளை ஒதுக்கிவிட்டுத் தெற்கே போனோம். தீவுகளைச் சுற்றி மீன்பிடிக்கக் கூடாது. வெயில் ஏறியதும் திரையில் எங்கள் முகம்தான் தெரிந்தது. சேவியர் ஒரு துண்டைத் தலைமேல் போட்டு, அதன் நிழலுக்குள் குனிந்து வழி பார்த்தார். நனைந்த விரலை டேப்லெட் விரலாகவே மதிப்பதில்லை. தண்ணீர்த் துளி விழுந்தாலோ தானாகவே எதையாவது திறக்கிறது. அதற்காக ஒரு டப்பாவுக்குள் காய்ந்த துணி வைத்திருக்கிறார்கள். அந்தத் துணியை வேறெதற்கும் தொடக் கூடாது. தொட்டு நானும் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

7.15-க்கு முதல் புள்ளி, நாசர் திருத்தியவற்றில் ஒன்று. ரீகன் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினார். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் சலவை சோப்பை அப்பியிருந்தார். அடியில் சேறு என்றால் சேறு ஒட்டிவரும்; மணல் என்றால் மணல். பாறை என்றால் ஒன்றும் ஒட்டாது, சோப்பில் வடு விழும். குண்டு எட்டுப் பாக ஆழத்தில் தொட்டது; ஒரு பாகம் என்பது ஆறடி. ரீகன் தூக்கிப் பார்த்தார். வடு.

“சரியாப் போச்சு!” என்று நாசர் கிட்டத்தட்ட எழுந்துவிட்டார்.

“உக்காருங்க பாய். இது ஊருக்கே தெரிஞ்ச பாரு. இதைக் காட்ட நீங்க கோவில்பட்டில இருந்து வரணுமா? எங்க பாரைக் காட்டுங்க.”

எட்டரைக்கு அந்தச் சதுரத்தின் வடகிழக்கு மூலைக்கு வந்தோம். எஞ்சின் வேகம் குறைந்ததும் வள்ளம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. நாசர் தலையை வெளியே நீட்டினார். இரவு சாப்பிட்ட கொஞ்சமும் போனது. வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பவும் டேப்லெட்டுக்கு முன்னால் வந்தார்.

சேவியர் தன் கணிப்பில் அங்குமிங்குமாக நாலைந்து இடத்தில் நிறுத்தினார். எல்லாம் சேறு. கரை அடையாளங்கள் மூட்டத்தில் மறைந்திருந்தன. நீரோட்டமும் வள்ளத்தை மேற்கே தள்ளிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் போனபின் நாசர் கேட்டார். “அண்ணே, பார் எவ்வளவு அகலம் இருக்கும்?”

“இந்த வள்ளத்தை மாதிரி ஏழு எட்டு வள்ளம். ஏன்?”

“அப்போ உழுத மாதிரிப் போவோம். தெற்க ஒரு சால். திரும்பி, அம்பது மீட்டர் தள்ளி, வடக்க ஒரு சால். நாம போன தடத்தை இது கோடு போட்டுக் காட்டும். விட்ட இடம் கண்ணுக்குத் தெரியும்.”

ரீகன் சிரித்துவிட்டார். “அத்தான், கேட்டீங்களா? கடல்ல உழவு ஓட்டணுமாம். அப்படியே உளுந்தும் வெதச்சிருவோமா?”

சேவியர் சிரிக்கவில்லை. சுக்கானைத் திருப்பினார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அதுதான் வேலை. நாசர் திரையைப் பார்த்து, “கொஞ்சம் இடது… சரி… நேரா” என்பார். ரீகன் குண்டைப் போட்டு, “சேறு” என்பார். பிறகு “சேறு.” பிறகு “மணல்.” பிறகு, “பாய், சேறு” என்று அவர் பெயரைச் சேர்த்து. திரையில் கோடுகள் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. முந்தின நாள் பேருந்தில் பார்த்த காடு மாதிரியே இருந்தது. டீசல் குறைவதைச் சேவியர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

எட்டாவது சாலில் போகும்போது கிழக்கே ஒரு வள்ளம் தெரிந்தது. சேவியர் உடனே எஞ்சினை அணைத்தார். “கெட்டுது போ! கிழக்குத் தெரு வள்ளம்” என்றார் ரீகன். அந்த வள்ளத்துக்காரர்களுக்குத்தான் நாசர் புள்ளிகளை விற்றுவிட்டதாக அவர் சந்தேகப்பட்டிருந்தார்.

ஓரிடத்தில் போவதும் வருவதுமாக ஒரு வள்ளம் நின்றால், அங்கே பார் இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். அதனால் ஆள் வந்தால் எஞ்சின் கெட்டதுபோல நிற்பது அங்கே வழக்கம். ரீகன் எஞ்சின் மூடியைத் தூக்கிவைத்துவிட்டு ஸ்பேனருடன் குனிந்தார். சேவியர் என்னிடம் ஒரு டீசல் கேனைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.

அந்த வள்ளம் எங்களுக்கு முன்னால் குறுக்கே வந்து, மேற்குப் பக்கமாகக் கூப்பிடு தூரத்தில் கடந்தது. “என்னலே, மக்கரா?”

“ஆமாலே, பெல்ட்டு!” என்று கத்தினார் ரீகன்.

“கட்டி இழுக்கணுமா?”

“வேண்டாம், மெக்கானிக்கைக் கூட்டிட்டுத்தான் வந்திருக்கோம்!”

அந்த நேரம் பார்த்து நாசர் மறுபடி தலையை வெளியே நீட்டி ஓங்கரித்தார்.

“ஏலே, மெக்கானிக்கே மக்கராக் கெடக்காரு! மொதல்ல அவரைச் சரி பண்ணுங்க!” சிரித்துக்கொண்டே போனார்கள். வேகம் குறையவில்லை. சதுரத்தின் மேற்குப் பாதியைக் குறுக்கே வெட்டி, தூண்டிலைத் தொடாமல், ஒரு தடவைகூடக் கீழே பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். ரீகன் ஸ்பேனரைக் கையில் வைத்தபடி, அவர்கள் சிறு புள்ளியாகும் வரை பார்த்தார். பிறகு எஞ்சின் மூடியைப் போட்டார். குண்டுக்குப் புது சோப்பு அப்பினார். அதன் பிறகு அவர் “பாய், சேறு” என்று சொல்லவில்லை. “சேறு” என்று மட்டும் சொன்னார்.

பதினொன்றாவது சாலின் பாதியில் குண்டு சீக்கிரமே தொட்டது. ஆறரைப் பாகம். ரீகன் இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கயிறு விறைத்துத் தண்ணீரைச் சொட்டியது. வள்ளமே அந்தப் பக்கம் சாய்ந்தது.

“அத்தான், மாட்டிக்கிச்சு!”

“விடாத, விடாத!”

“அறுந்திரும் அத்தான்!”

அறுந்தது. ரீகன் மல்லாந்து என் மேல் விழுந்தார், கையில் வெறும் கயிற்றோடு. அப்புறம் சேவியர் சிரிக்க ஆரம்பித்தார். “நங்கூரத்தை வாங்கினது காணாதுன்னு குண்டையும் வாங்கிருச்சு! இதேதான்லே! வேற எங்க இப்படிப் பிடுங்கும்?” வேகத்தை முழுதும் குறைத்து, வள்ளம் அதே இடத்தை விட்டு நகராதபடி சுக்கானைப் பிடித்துக்கொண்டார். ரீகன் ஒரு தூண்டிலை இறக்கினார். நாங்கள் மூச்சு விடுவதற்குள் தூண்டில் நரம்பு இழுபட்டது. மேலே வந்தது கை நீளத்துக்கு ஒரு விளமீன்.

அந்த இடத்தை டேப்லெட்டில் பதிய, திரையைத் தொட்டுப் புள்ளியைக் குத்த வேண்டும். சேவியர் என்னைப் பார்த்தார். குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

“அண்ணாச்சி, தப்பா நெனக்காதீங்க. அங்கன கொஞ்சம் திரும்பிக்கோங்க.”

திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் உயிர்காப்பு உடை உரசும் சத்தம் கேட்டது. நாசரும் என்னோடு சேர்ந்து கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ரீகன் குரல் வந்தது. “பாய், நீங்க எங்க திரும்புதீங்க? வந்து குத்துங்க.”

“இல்ல ரீகன், நீங்களே…”

“உங்களைத் திரும்பச் சொன்னாவளா? வாங்க. வெரலைக் கொடுங்க, நனைஞ்சிருக்கு.”

டப்பா திறக்கும் சத்தம். அந்தக் காய்ந்த துணியால் ரீகன் அவர் விரலைத் துடைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் டேப்லெட் ஒரு முறை ஒலித்தது. “கீழ உள்ள நம்பரையும் வாசிச்சுப் பாருங்க பாய், இந்தத் தடவை” என்றார் ரீகன். நாசர் காதோடு காதாக வாசித்தார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் முயலவில்லை.

மதியம் 1.50-க்குக் கரை சேர்ந்தோம். மீதிப் பத்துப் புள்ளிகள் இன்னும் தேடப்படாமல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு திசையில்தான் சந்தேகம். ஒரே சாலில் கிடைத்துவிடும் என்கிறார் நாசர். தான் வரத் தயார் என்றும் சொல்கிறார், மாத்திரை போட்டுக்கொண்டு.

இப்படி வள்ளத்தில் போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வேம்பாரில் சுற்றுலாப் படகு கிடையாது. மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் முன்கூட்டிக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால்தான் போக முடியும். ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கரையில் விசாரிப்பார்கள். டீசலில் உங்கள் பங்கைக் கொடுங்கள். அன்று மொத்தம் இருபத்திரண்டு லிட்டர் ஆனது. வரைபடத்தைக் கரையிலேயே தரவிறக்கிவிடுங்கள், தீவு தாண்டினால் சிக்னல் இருக்காது. வெயிலில் சூடாகி டேப்லெட் தானே அணைந்துவிடுவதும் உண்டு. அதனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பழைய கருவியிலிருந்து புள்ளிகளை மாற்றுகிறவர்கள், முதலில் இரண்டிலும் ஒரே அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, கரையில் தெரிந்த ஓர் இடத்தை ஏற்றி, அது கடலிலா காட்டிலா எங்கே விழுகிறது என்று சோதித்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள்.

கைப்பேசியில் இருப்பிடப் பதிவை அணைக்காமல் எடுக்கும் ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தைத் தன்னோடு சுமந்துவரும். என்னுடையதை நாசர்தான் விளாத்திகுளம் பேருந்து நிலையத்தில் அணைத்துத் தந்தார். ஆனாலும், கரைக்குத் திரும்பியதும் அந்தச் சதுரத்தில் எடுத்த படங்களை அழித்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. இந்தப் பதிவின் படங்களில் பேருந்தும் கரிமூட்டமும் கரையில் எடுத்த விளமீனும் மட்டும் இருந்து, கடல் இல்லாமல் போனதற்குக் காரணம் அதுதான்.